நான் சதுரம் என்று சொன்ன முகம்

காந்திபுரத்தில் நூறடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் ஒரு பியூட்டி பார்லர் இருந்தது. அங்கே நான் சேர்ந்தது துண்டு துவைக்கவும், கீழே விழுந்த முடியைக் கூட்டி அள்ளவும்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லில் ஷிப்டு குறைந்திருந்தது. எனக்கு ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுவேன். துண்டு துவைக்கிற வேலைக்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் அது எனக்குப் பிடித்திருந்தது.

பார்லர் அம்மா கெட்டிக்காரர். வருகிற பெண்ணைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, தலையை ஆட்டாமல் இருக்கச் சொல்வார். பிறகு பின்னால் நின்று, தன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரிகிற முகத்தைச் சுற்றி ஒரு சோப்புத் துண்டால் கோடு இழுப்பார். அந்தப் பெண் எழுந்து நகர்ந்ததும் கண்ணாடியில் கோடு மட்டும் நிற்கும். வட்டமா, நீளமா, சதுரமா என்று சொல்லிவிடுவார். வட்ட முகத்துக்குக் கன்னத்தின் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் கறுத்த நிறத்தில் பவுடர், நெற்றியில் நீளப் பொட்டு. நீள முகத்துக்கு வட்டப் பொட்டு, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி பூ. எல்லா முகத்தையும் முட்டை வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு.

ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "வந்து உக்காந்ததும் நல்லா இருக்கறீங்கன்னு சொல்லிப்போட்டா எந்திரிச்சுப் போயிருவாங்கம்மா. கொறை என்னன்னு மொதல்ல சொல்லோணும். அப்பத்தான் அடுத்த வாட்டியும் வருவாங்க."

அதை நான் தொழிலின் முதல் படி என்றே எடுத்துக்கொண்டேன். பார்த்துப் பார்த்து எனக்கும் கை வந்தது. புருவம் எடுக்கவும் பவுடர் பூசவும் விட்டார்கள். குறை சொல்கிற வேலை மட்டும் அவருடையதாகவே இருந்தது.

சூலூரில் என் நாத்தனார் வீடு. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். நாத்தனார் மகளுக்குப் பத்தொன்பது வயது. தறிச் சத்தத்துக்கு மேலே அவள் சிரிப்புக் கேட்கும். ஆனைமலைப் பக்கமிருந்து, தென்னந்தோப்புக்காரர் வீட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. என்னை வந்து அலங்காரம் செய்யச் சொன்னார்கள்.

அந்த வீட்டு விசேஷங்களில் எப்போதும் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குப் பீரோ கண்ணாடி முன்னால் எனக்கு நாற்காலி போட்டார்கள். நாத்தனாரே காப்பி கொண்டுவந்து கொடுத்து, "அம்மணி, இனி எல்லாம் உன்ற கையில தான்" என்றார். நாலைந்து பெண்கள் சுற்றி நின்று நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நிஜம்.

"அசையாத கண்ணு. தலைய ஆட்டாத" என்றேன். பார்லர் அம்மாவைப் போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு சோப்பால் கோடு இழுத்தேன். அவளை நகரச் சொல்லி, எல்லோரும் பார்க்கட்டும் என்று நானும் தள்ளி நின்றேன்.

"சதுர மொகம் கண்ணு உனக்கு. தாடை ரெண்டு பக்கமும் அகலம். பயப்படாத, கொறைச்சுக் காட்டிரலாம்."

"எனக்கெதுக்குங்க அத்தை பயம்? வர்றவங்க தானுங்க பயப்படோணும்" என்று அவள் சிரித்தாள்.

அவளுடைய பெரியம்மா கண்ணாடியிடம் குனிந்து பார்த்தார். "அட ஆமாங்கறேன்! இத்தன நாளா என்ற கண்ணுல படலையே. அச்சு வெல்லமாட்டவே இருக்குதல்லோ!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் சிரித்தபடியே அவள் கை தாடைக்குப் போனதைக் கண்ணாடியில் நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. பேன்கேக் என்கிற கட்டிப் பவுடரை நனைத்துப் பூசி, தாடை முனைகளில் கொஞ்சம் கறுப்புக் கூட்டினேன். காதோரம் முடியை இழுத்து முன்னால் விட்டேன். தாடைக்கு நேராகத் தொங்கிய கம்மலைக் கழற்றிச் சின்னத் தோடு போட்டேன். வளைவாகப் புருவம் எழுதினேன். கடைசியாக, யாரும் கேட்காமல், நானாக ஒன்று சொன்னேன்.

"ரொம்பச் சிரிச்சுப் போடாத கண்ணு. சிரிச்சா தாடை விரியுது."

அவள் தலையாட்டினாள். வந்தவர்கள் முன்னால் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கே சம்மதம் சொன்னார்கள். "இவ கை பட்டுத்தான் அமைஞ்சுது" என்று நாத்தனார் எல்லோரிடமும் சொன்னார். நான் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் அவள் வாரம் தவறாமல் சூலூரிலிருந்து பஸ் ஏறிப் பார்லருக்கு வந்தாள். தாடையை மறைக்கிற மாதிரி முன்முடி வெட்டிக்கொண்டாள். தனக்கென்று கண்ணாடி வைத்த ஒரு காம்பாக்ட் பவுடர் டப்பா வாங்கிக்கொண்டாள். எந்த இடத்தில் எவ்வளவு கறுப்பு என்று என்னையே கேட்டுக் கற்றுக்கொண்டாள். பார்லர் அம்மாவுக்குச் சந்தோஷம். நான்தான், பேச்சுக்கு நடுவே அவள் கை மேலே போய்த் தாடையை மூடுகிறபோதெல்லாம் திரும்பிக்கொண்டு துண்டு மடிப்பேன். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவள் நேராக நிற்கவில்லை. எல்லாவற்றிலும் அரைப்பக்கம் திரும்பி, வாய் மூடி இருந்தாள்.

கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கு இருவரையும் விருந்துக்கு அழைத்தோம். சாப்பிட்டதும் அவள் முகம் கழுவ உள்ளே போனாள். கழுவியவள் மறுபடி பூசிக்கொண்டுதான் வருவாள் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மாப்பிள்ளை அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏனுங்கத்தை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்ங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

"கேளுங்க மாப்பிள்ளை."

"இவளை நாங்க மொதல்ல பாத்தது எங்கூர் மாசாணியம்மன் கோயில்லதானுங்க. ஆரோ ஒருத்தர் கையில இருந்த தேங்காமூடியக் கொரங்கு புடுங்கிட்டு ஓடுச்சு. எல்லாரும் கத்தறாங்க, இவ மட்டும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா. எங்கம்மா அதப் பாத்துத்தானுங்க, இந்தப் புள்ளை ஆருன்னு விசாரிக்கச் சொன்னாங்க. இப்ப என்னடான்னா ஊட்டுல வாயே தொறக்க மாட்டேங்கறா. சிரிப்பு வந்தாலும் கையில மூடிக்கறா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்களைப் புடிக்காதவளைக் கட்டாயப்படுத்திக் கட்டிவெச்சுட்டாங்களோன்னு எங்கம்மாவுக்கு ஒரு இதுங்க. எனக்கும்தான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "புதுசல்லோங்க. பழகிருவா" என்று சொல்லிவிட்டு, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். அவர்கள் முதலில் பார்த்து ஆசைப்பட்ட முகத்தை நான்தான் அழித்தேன். அதற்குப் பேரும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரம் அதைச் சுமந்துகொண்டே துண்டு துவைத்தேன். பிறகு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, பொள்ளாச்சி போய் வண்டி மாறி, தனியாக ஆனைமலைக்குப் போனேன். தனியாக அவ்வளவு தூரம் அதுவரை நான் போனதில்லை.

வாசலில் அவள் மாமியார் தேங்காய்ச் சில்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்காரக்கூடச் செய்யாமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியில் கோடு போட்டது, சிரிக்காதே என்றது, எல்லாம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்குத்தானுங்களா! நான் வேற என்னமோ ஏதோன்னு மருகிட்டுக் கெடந்தேன். போங்க, பொறத்தால இருக்கறா. நீங்களே சொல்லுங்க."

அந்தச் சந்தேகம் தீர்ந்ததில் எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதியும் அப்படியே எளிதாக முடிந்துவிடும் என்று நினைத்துவிட்டேன்.

கொல்லையில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துணி துவைக்கிறபோதும் முகத்தில் பவுடர். வியர்வையில் தாடைக் கறுப்பு கழுத்துக்கு இறங்கிக் கோடு கோடாக இருந்தது. துவைக்கிற கல்லின் ஓரத்தில் நான் உட்கார்ந்தேன்.

"அத்தை மேல தான் தப்பு கண்ணு. அன்னைக்கு நான் சொன்னதையெல்லாம் மனசுல வெச்சுக்காத. உன்ற மொகத்துல ஒரு கொறையும் இல்ல. உன்ற மாமியா உன்ற சிரிப்பப் பாத்துத்தான் உன்னையக் கேட்டு வந்திருக்கறாங்க."

"அதெல்லாம் ஆறுதலுக்குச் சொல்றதுங்க அத்தை."

"இல்ல கண்ணு. நெசமாவே."

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து ஓரமாக வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பவுடரும் கறுப்பும் போய், பெண் பார்த்த நாளுக்கு முந்தின முகம் வந்தது. அதை எனக்கு நேராகக் காட்டிக் கேட்டாள்:

"அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யிங்களா அத்தை?"

ஆமாம், பொய் என்று ஒரு வார்த்தை. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பெரிய பேச்சுப் பேசத் தெரியாதவளுக்கும் அது வரும். ஆனால் வாய் திறக்கிறதற்கு முன்னால் என் கண் அவள் தாடைக்குப் போய்விட்டது. பழகின கண். இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு என்று அளந்துவிட்டது. கண் போன இடத்தை அவளும் பார்த்துவிட்டாள்.

"பொய்தான் கண்ணு" என்றேன். நேரம் கடந்துபோயிருந்தது.

"இருங்க அத்தை, காப்பி வெச்சுக்கிட்டு வாரேன்" என்று அவள் எழுந்து உள்ளே போனாள்.

வெகுநேரம் கழித்துக் காப்பியோடு வந்தாள். தாடையில் கறுப்புப் புதிதாக இருந்தது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு எதிரே காலியாக இருந்த முக்காலியை விட்டுவிட்டு, என் பக்கவாட்டில் வந்து, அரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.