எண்ணெய் ஒழுகாத விமானம்

என் அண்ணனுக்கு ஒரே மகள். அவளைக் கட்டியவர் பல் செட் செய்கிறவர். பல் வைத்தியர் என்று நினைத்துவிடாதீர்கள். வைத்தியர் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் முதலில் செய்து பார்த்து, பிறகு நிஜப் பல்லாக வார்த்துத் தருகிற வேலை. இருபத்தாறு வருஷமாக ஒரே பட்டறை, ஜன்னல் ஓரத்தில் ஒரே நாற்காலி. அவர் செய்த பல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் தெருவில் அவரைத் தாண்டிப் போகிறார்கள். ஒருவருக்கும் அவரைத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். கூட நடக்கும்போது திடீரென்று என் காதோடு சொல்லுவார்: "சின்னம்மா, அதோ பச்சைச் சட்டை. மேல்வரிசை நம்முது."

வெள்ளை வெளேரென்று மட்டும் பல் செய்யமாட்டார். ஏன் என்று கேட்டேன் ஒரு நாள்.

"எல்லாம் ஒரே வெள்ளையா, அணிவகுப்பு மாதிரி நின்னா யார் நம்புவாங்க? அடியில கொஞ்சம் மஞ்சள் காட்டணும். ஒரு பல்லாவது சொல்பேச்சு கேக்காம லேசா திரும்பி நிக்கணும். அப்பதான் அது அவங்க பல்லு."

இந்தப் புத்திதான் பின்னால் அவர் காலை வாரிவிட்டது. சொல்கிறேன்.

என் அண்ணன் மகள் அப்போது ஒரு பல் வைத்தியரிடம் வருகிறவர்களின் பேர் எழுதும் வேலையில் இருந்தாள். பல் செட் கொண்டுவந்து கொடுக்கிறவரையே கட்டிக்கொள்கிறேன் என்று வீட்டில் வந்து நின்றாள். அண்ணன் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். தன்னோடு வேலை பார்த்தவரின் மகனை மனதில் வைத்திருந்தார். "வானத்தப் பாத்து வளந்தவ, போயும் போயும் ஒருத்தன் வாய்க்குள்ள போய் மாப்பிள்ள தேடியிருக்கா" என்றார். பதிவு அலுவலகத்துக்கு அவர் வரவில்லை. அண்ணி வந்தாள், என் வீட்டுக்குப் போவதாக அண்ணனிடம் சொல்லிவிட்டு. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதாள். அங்கே போய் இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்றிலிருந்து பதினெட்டு வருஷம் அண்ணன் அந்த மனிதரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்று வருஷம் முன்னால் அண்ணி போய்ச் சேர்ந்ததும், மகள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். முன்னறையைக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான் அண்ணனின் குடித்தனம். அங்கே வந்தும் பேச்செல்லாம் மகள் வழியாகத்தான்.

"குழாயச் சரியா மூடலன்னு அந்தாளுகிட்ட சொல்லு."

"மூடிட்டேன்னு மாமாகிட்ட சொல்லு."

இருவருக்கும் நடுவே நாலடி தூரம்கூட இருக்காது. "நான் என்ன தபால் பெட்டியா?" என்று நடுவில் இவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

இன்னொரு கூத்தும் உண்டு. அண்ணன் வாயில் ஒரு பல்கூட இல்லை. வேறெங்காவது பல் கட்டிக்கொண்டாலும், சுற்றி வளைத்து அச்சு இந்தப் பட்டறைக்குத்தான் வந்து சேரும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஆகவே ஆறு வருஷமாக எதையும் ஊறவைத்து, ஈறாலேயே மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். பல் செய்கிறவன் வீட்டில் பொக்கை வாயோடு ஒரு மாமனார். பார்க்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா?

மாப்பிள்ளைக்குக் கோபமே வராது. ஒரு தடவைதான் என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். "மாமா என்னைக் கொஞ்ச வேணாம் சின்னம்மா. திட்டட்டும். ஆனா என் மூஞ்சியப் பாத்துத் திட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனிதர் வீட்டில் இருக்கமாட்டார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு அறை உண்டு. அங்கே ஆறேழு பேர் கூடி, பிளாஸ்டிக்கில் குட்டிப் போர் விமானம் செய்வார்கள். எல்லாம் தலை நரைத்த ஆட்கள். நீளமான மேசை, ஆளுக்கொரு விளக்கு, நெற்றியில் கட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளை நறுக்கி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை வைத்து, காற்றில் பீய்ச்சும் குழலால் வர்ணம் அடிப்பார்கள். விமானி உட்காரும் இருக்கையின் பெல்ட்டைக்கூட வைப்பார்கள். அரிசி அகலம் இருக்காது அந்தப் பெல்ட்.

"எல்லார் புருஷனும் சீட்டாடப் போவான். என் புருஷன் பொம்மை செய்யப் போறார்" என்பாள் அண்ணன் மகள்.

"பொம்மை இல்ல, மாடல்."

"சரி, மாடல் பொம்மை."

அண்ணன் விமானம் ஓட்டியவர் இல்லை, ஓட விட்டவர். பதினோரு வருஷம் ஒரே விமானம் அவர் பொறுப்பு. அதன் எண் நானூற்றுப் பதினேழு. ஓட்டுகிறவர்கள் மாறினார்கள், அண்ணன் மாறவில்லை. இன்றைக்கும் அவர் "என்னோடது" என்றால் வீட்டையோ மகளையோ சொல்லவில்லை, அதைத்தான் சொல்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அதன் மூக்கருகே கையில் துணியோடு அவர் நிற்கிற ஒரு போட்டோ இரும்புப் பெட்டியில் இருந்தது.

மாப்பிள்ளை அந்த விமானத்தைச் செய்யத் தொடங்கினார். அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து மகள் பெட்டியைத் திறந்து, போட்டோவைத் தன் போனில் பிடித்துக் கொடுத்தாள். அவசரத்தில் எடுத்ததில் படம் கொஞ்சம் மங்கல். பரவாயில்லை என்று பெரிதாக்கி அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவைத்தார்கள். ஐந்து மாதம் வேலை நடந்தது. எண்ணுக்கு ஒட்டுத்தாள் கிடைக்கவில்லை. நாலு, ஒன்று, ஏழு என மூன்றையும் மாப்பிள்ளை கையாலேயே வெட்டி அச்சு செய்தார், பல் செதுக்குகிற கத்தியால்.

நானும் அண்ணன் மகளும் ஒரு ஞாயிறு அவர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு போனோம். மேலே ஒரே சண்டை. போட்டோவில், விமானத்தின் பக்கவாட்டில், எஞ்சின் கதவுக்குப் பின்னால் ஒரு கறை. அது என்ன கறை என்பதுதான் வழக்கு.

"எஞ்சின் ஆயில்தான். பாத்தாலே தெரியுதே" என்றார் பஸ் ஓட்டுகிறவர்.

"உங்க பஸ்ஸு ஒழுகும். எல்லாமே ஒழுகுமா? இது புகை" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு அம்மாவும் அந்தக் கூட்டத்தில் உண்டு. பசையை ஊசிக்குழலால் வைக்கிறவள் என்பதால் அவளுக்கு அங்கே ஊசியக்கா என்று பேர். அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "மூணு வாரமா இதே பேச்சு. நோயாளியக்கூட நாங்க இவ்வளவு நேரம் பாக்கறதில்ல."

கடைசியில் எண்ணெய் என்றே தீர்ப்பானது. மாப்பிள்ளை அந்தக் கறையை ஏழு பூச்சில் கொண்டுவந்தார். அதோடு விட்டாரா? சிறகு மேலே கால் பட்ட தேய்மானம், மூடிகளைச் சுற்றி அழுக்கு, சக்கரத்தில் புழுதி, எல்லாம் வைத்தார். பல்லுக்கு மஞ்சள் காட்டின அதே கை. "அழுக்கில்லாத விமானம் பொம்மைங்க. அழுக்கு இருந்தாதான் பறந்த விமானம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கே அதுதான் வேதம்.

கடைசியாக மேலே ஒரு பூச்சு அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் அழுக்கு, எண்ணெய் எல்லாம் உள்ளே அடைந்துவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் எடுக்க முடியாது. ஆனால் அந்த வாரம் ஒரே மழை. ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடுமாம். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று விட்டார்கள். மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் ஒரு அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து, அதில் விமானத்தைக் கிடத்தி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி வீட்டுக்கு எடுத்து வந்தார். துணைக்கு நானும் வந்தேன்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை எதிரே இருந்த ஸ்டூலில் அதை வைத்துவிட்டு, சுவரோரமாக நின்றார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான் நீளம். மூக்கில் நானூற்றுப் பதினேழு. அண்ணன் கண்ணாடியைப் போட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு விரலால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். மூடிகளை வாய்க்குள்ளேயே எண்ணினார்.

அண்ணன் தலை நிமிர்ந்தது. மாப்பிள்ளை முகத்தை நேராகப் பார்த்தார்.

"இப்படித்தான் வெச்சிருப்பியா ஒரு விமானத்த?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணன் மகள் ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"இல்ல மாமா... நிஜமா தெரியணும்னு..."

"எது நிஜம்? பதினோரு வருஷம் நான் தெனம் ரெண்டு தடவ தொடச்சேன். சிறகு மேல செருப்போட ஒருத்தன் ஏறினதில்ல. என்கிட்ட அழுக்கா நின்னுச்சுன்னு எவன் சொன்னான் உனக்கு? இதென்ன இது, எண்ணெய்யா? என்னோடது ஒரு சொட்டு ஒழுகினதில்ல. கேட்டுக்கோ. ஒரு சொட்டு."

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வாங்குகிற திட்டுக்கு முகம் சுருங்கத்தான் வேண்டும். ஆனால் கண் மட்டும் வேறு என்னவோ செய்துகொண்டிருந்தது. பதினெட்டு வருஷம் கேட்டது கிடைத்துவிட்டதே.

"போட்டோவுல இருந்துதுப்பா" என்றாள் மகள். பெட்டியைத் திறந்ததையும், போனில் பிடித்ததையும் ஒப்புக்கொண்டாள். அவளுக்கும் ஒரு முறைப்பு கிடைத்தது. அண்ணன் எழுந்து போய் இரும்புப் பெட்டியிலிருந்து போட்டோவை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தெரியவில்லை. மாப்பிள்ளை பையிலிருந்து நெற்றிப் பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். அண்ணன் வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார்.

"இது விமானத்துல இல்ல" என்றார். "போட்டோ மேல இருக்கு."

மாப்பிள்ளை கையில் கொடுத்தார். நானும் பார்த்தேன். எண்ணெய்க் கறைதான், ஆனால் உள்ளே வளைவளைவாக ரேகை. ஒரு கட்டைவிரல்.

யார் விரல் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணிக்கு முழங்கால் வலி. மத்தியானம் ஆனால் தைலம் தேய்த்துக்கொள்வாள். தேய்த்த கையோடு, பழைய வீட்டில் போட்டோ வைத்திருந்த அலமாரியைத் துடைப்பாள், போட்டோவை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள். சும்மா உட்காரத் தெரியாது அவளுக்கு.

"கையக் கழுவிட்டு எடுடின்னு நூறு தடவ சொல்லியிருப்பேன்" என்றார் அண்ணன். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்தார். பூதக்கண்ணாடி நெற்றியில் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "பஞ்சு இருக்கா?" என்றார். மகளிடம் இல்லை, மாப்பிள்ளையிடம்.

பஞ்சும் வந்தது, அழுக்கை எடுக்கிற தின்னரும் வந்தது. இருவரும் ஸ்டூலுக்கு இரண்டு பக்கமும் குனிந்து உட்கார்ந்தார்கள். குச்சியில் பஞ்சைச் சுற்றி நனைத்து, சிறகிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தார்கள். மேல்பூச்சு அடிக்காததால் எல்லாம் சுலபமாக வந்தது. மழைக்கு நான் மனசுக்குள் நன்றி சொன்னேன். "குறுக்க தேய்க்காத. காத்து போற பக்கமா தேய்" என்று அண்ணன் அதட்டினார். "சரி மாமா" என்றார் இவர். அடியில் ரகசியமாகப் பளபளத்துக்கொண்டிருந்த சாம்பல் நிறம் வெளியே வந்தது. ஐந்து மாத அழுக்கு அரைமணியில் போய்விட்டது.

கடைசியில் அந்தக் கறை மட்டும் மிச்சம். மாப்பிள்ளை புதுப் பஞ்சை நனைத்தார்.

"அது இருக்கட்டும்."

"ஒரு சொட்டு ஒழுகினதில்லன்னீங்களே மாமா."

"ஒழுகினதில்லதான். அது ஒழுகினது இல்லையே."

அடுத்த ஞாயிறு வெயில் அடித்தது. மேல்பூச்சு அடிக்கும்போது தானும் இருக்கவேண்டும் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்து, கண்ணாடிக்கடை மாடிப்படி இருபத்திரண்டையும் கைப்பிடியைப் பிடித்தே ஏறினார். சுத்தமாக நின்ற விமானத்தைப் பார்த்ததும் பஸ் ஓட்டுகிறவர் முகம் தொங்கிவிட்டது. கறையின் கதையைச் சொன்னார்கள். "தைலத்துக்கா நாம மூணு வாரம் சண்டை போட்டோம்?" என்றார். "அதுவும் ஆயில்தான். நீங்கதான் ஜெயிச்சீங்க" என்று ஊசியக்கா அவர் தோளைத் தட்டினாள். கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் புகை என்றுதான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வரும் வழியில் அண்ணன் நின்றார்.

"ஏம்ப்பா, அளவு எடுக்கணும்னா எப்ப வரணும்?"

"எதுக்கு மாமா அளவு?" மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அண்ணன் வாயைத் திறந்து காட்டினார். "வெள்ளையா இருக்கணும். அழுக்கு வைக்கிற வேலையெல்லாம் என் வாயில வேணாம்."

அப்படியே செய்து கொடுத்தார். தன் கையால் இப்படி ஒரு பல் செட் செய்வோம் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். அத்தனை பல்லும் ஒரே வெள்ளை, ஒன்றுகூடத் திரும்பி நிற்கவில்லை. அண்ணன் சிரித்தால் தெருக்கோடியிலிருந்து தெரியும். போன ஞாயிறு மூன்று பேரும் கண்ணாடிக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அண்ணன் முன்னால் போய், யாரிடமோ பல்லெல்லாம் தெரியப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என் காதோரம் குனிந்தார்.

"சின்னம்மா, அதோ வெள்ளைச் சட்டை. ரெண்டு வரிசையும் நம்முது."