அக்கா படித்துக் காட்டிய எண்கள்

மகளுக்குப் பால் கொடுக்க மடியில் எடுத்துக்கொண்ட நேரத்தில்தான் போன் அடித்தது. விழிதியூரில் அம்மா வீடு, விடாத மழை. பிரசவம் முடிந்து நான் இன்னும் அறையைவிட்டு வெளியே வராத நாட்கள் அவை. "பச்ச ஒடம்போட போன் என்னடி" என்று அம்மா வாசற்படியிலிருந்து முறைத்தாள். திரையில் ஸ்கேன் சென்டர் அக்காவின் எண். எடுக்காமல் இருக்க முடியவில்லை.

காரைக்காலில் இருக்கும் அந்தச் சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அக்கா அங்கே வரவேற்பு மேசையில் இருந்தார். மாதா கோயிலில் காலைப் பூசை முடித்து நேராக வேலைக்கு வருபவர். பயந்து வருகிறவர்களை முதலில் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அதன்பிறகே பெயர் கேட்பார். கம்ப்யூட்டரிடம் மட்டும் அவருக்குப் பயம். பில் போடும் திரையைத் தாண்டி வேறெதையும் தொட்டதில்லை.

அன்று அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். படகில் வழுக்கி விழுந்து தலையில் அடி. ஸ்கேன் எடுத்தாயிற்று, படங்கள் சர்வருக்கு வந்துவிட்டன. அங்கிருந்து அவை சென்னையில் இருக்கும் நிபுணருக்குப் போக வேண்டும். தஞ்சாவூருக்கு அனுப்புவதா, இங்கேயே வைத்துப் பார்ப்பதா என்பதை அவர் சொன்ன பிறகே டாக்டர் முடிவு செய்வார். படங்கள் போகவில்லை.

"நெட் இருக்காக்கா?"

"என் கம்ப்யூட்டர்ல வருது. சர்வர்லதான் வரல. லைன்காரங்களக் கேட்டா லைன் நல்லா இருக்குங்கிறாங்க."

திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். மழையில் சிக்னல் இழுத்தது. படம் பாதியில் நின்றுவிட்டது. இனிக் குரல் மட்டும்தான். அக்காவைச் சர்வருக்கு முன்னால் உட்காரச் சொல்லி, என்ன ஆகியிருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சதச் சொல்லவா, திரையில தெரியறதச் சொல்லவா?"

"தெரியறத மட்டும் சொல்லுங்கக்கா."

அதற்குப் பிறகு அவர் சொன்ன விதத்தில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அனுமானம் இல்லை, அவசரம் இல்லை. ஜெபம் சொல்வதைப் போல ஒவ்வொரு எண்ணாக, புள்ளி வரும் இடத்தில் புள்ளி என்று சொல்லி வாசித்தார். நடுவில் மகள் அழ ஆரம்பித்தாள். "புள்ளைக்குப் பசிம்மா. நீ மொதல்ல பால் குடு, நான் லைன்லயே இருக்கேன்" என்றார். அவ்வளவு பதற்றத்திலும். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைமேல் வைத்துக்கொண்டேன்.

முந்தின நாள் ஏதாவது மாற்றினார்களா என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. லைன்காரர்கள் பழைய ரூட்டரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துப் போயிருக்கிறார்கள். மற்ற கம்ப்யூட்டர்கள் அதன் எண்ணைத் தாமாக வாங்கிக்கொள்ளும். சர்வருக்கு மட்டும் எல்லா எண்களையும் கையால் போட்டு வைப்பது வழக்கம். வெளியே போகும் வழி என்ற இடத்தில் பழைய ரூட்டரின் எண்ணே அதில் இருந்தது, கடைசியில் ஒன்று. அக்காவின் கம்ப்யூட்டரிலோ புதிய ரூட்டரின் எண், கடைசியில் இருநூற்று ஐம்பத்து நான்கு. உள்ளுக்குள் எல்லாம் ஓடி, வெளியே மட்டும் போகாமல் சர்வர் நின்றதற்கு அதுதான் காரணம்.

"நான் மாத்தி வேற எதாவது கெட்டுப்போச்சுன்னா?"

"பழசத் தாள்ல எழுதி வச்சுக்கங்க. கெட்டா அதையே திரும்பப் போட்டுடலாம்."

எழுதினார், மாற்றினார். சோதித்துப் பார்த்ததில் வெளியிலிருந்து பதில் வந்தது. ஆனால் படம் அனுப்பும் பக்கம் திறக்கவில்லை. அடுத்து எதைப் பார்ப்பது என்று யோசித்தேன். அதற்குள் அக்காவே, "இரும்மா, கீழ இன்னொரு கட்டத்துலயும் அதே பழைய எண் இருக்கு" என்றார். இணையத்தில் பெயர்களைத் தேடித் தரும் இடம் அது. அதையும் மாற்றச் சொன்னேன்.

"போவுது... போவுதும்மா!"

இப்போது அங்கே இரண்டு லைன்கள். ஒன்று நின்றால் மற்றது தானாகப் பிடித்துக்கொள்ளும். அக்கா போன் செய்வதெல்லாம் இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கிறாளா என்று விசாரிக்கத்தான்.

அன்று அவர் போனை அணைக்க மறந்துவிட்டார். நானும் அணைக்கவில்லை. மழைச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ ஒரு பெண்ணின் தேம்பல். வெகுநேரம் கழித்து டாக்டரின் குரல் தூரத்தில் கேட்டது. வார்த்தைகள் பிடிபடவில்லை. பிறகு அக்கா, போனுக்குப் பக்கத்தில், அந்தப் பெண்ணிடம்: "ரத்தக்கசிவு எதுவும் இல்லையாம்மா. ரெண்டு நாளு வச்சுப் பாத்துட்டு அனுப்பிடுவாங்களாம். ஒன் வீட்டுக்காரர் நல்லா இருக்காரு. காலையிலேருந்து எதாச்சும் சாப்பிட்டியா நீ?"

மடியில் மகள் தூங்கியிருந்தாள். அம்மா கஞ்சியை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.