பலவேசம் ஏற்றிய உத்திரம்

சுரண்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முப்பது வருஷமாகத் தையல்கடை வைத்திருக்கும் பலவேசம், ஆளைப் பார்த்த பார்வையிலேயே இடுப்பளவு சொல்லிவிடுவார். அது பெரும்பாலும் சரியாக இருந்துவிட்டதால், உலகத்தில் எதையும் தன்னால் அளந்துவிட முடியும் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது.

மேலகரத்தில் வீடு கட்டி முடித்ததும் பின்பக்கம் நிழலுக்கு ஒரு பந்தல் போட ஆசைப்பட்டார். கொத்தனார் இரண்டு செங்கல் தூண்களை எழுப்பிவிட்டுப் போனார். அவற்றின் மேல் ஒரு வேங்கை உத்திரத்தை ஏற்றி, அதிலிருந்து வீட்டுச் சுவர்வரை பச்சை வலையை இழுத்துக் கட்டுவதாகத் திட்டம். செங்கோட்டை மரக்கடையில் அளவு சொல்லும்போது, பக்கத்துக்கு மூன்று இஞ்ச் கூட்டிச் சொன்னார்.

"கூட எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டான் கூட வந்திருந்த தச்சன் சுடலைமுத்து.

"மடிச்சுப் பிடிக்க வேணும்லா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சுடலைமுத்து மரத்தை மேலும் கீழும் பார்த்தான். "இத எந்தப் பக்கம் மடிப்பிய?"

தூண் உச்சியில் காங்கிரீட் போட்டு, அதில் இரும்புப் பட்டைகளை நட்டு, உத்திரத்தை நடுவில் வைத்து போல்ட் முடுக்க வேண்டும் என்றான் அவன். பலவேசத்துக்குப் பிடிக்கவில்லை. இரும்பு வெளியே தெரிந்தால் சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டதுபோல் இருக்குமாம்.

"நாலு ஆளு சேந்து தூக்குத மரம். அதுவா எந்திரிச்சுப் போவப் போவுது? சிமெண்ட பூசி வையி, போதும்."

வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, பந்தலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பலவேசம் காப்பி கேட்டு வீட்டுக்குள் போனார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. வலை வயிறு உப்பி மேலே எழும்ப, உத்திரத்தின் ஒரு முனை பிய்த்துக்கொண்டு கிளம்பி, கோணலாக வந்து விழுந்தது. கூடவே நாலு செங்கலும். நாற்காலி இரண்டாகப் பிளந்துகிடந்தது.

மனைவி தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். முதலில் நாற்காலியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"அதுவா எந்திரிச்சிட்டு போலிருக்கே."

"காத்து கொஞ்சம் கூடுதலா அடிச்சிட்டு" என்றார். குரல் நிதானமாகத்தான் வந்தது. பார்வை மட்டும் நாற்காலியை விட்டு நகரவில்லை. தினமும் அதே இடத்தில்தான் அவள் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள்.

மறுநாள் எங்கிருந்தோ ஒரு டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கி வந்தார். சுடலைமுத்துவைக் கூப்பிட வெட்கம். ஏணியில் ஏறி, போல்ட்டுக்குத் துளை போட, தூணின் விளிம்போரச் செங்கலில் சாக்பீஸால் குறி போட்டார்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த தங்கபுஷ்பம் கேட்டாள்: "ஏங்க, சட்டையில பட்டன் ஓட்டைய விளிம்ப ஒட்டியா போடுவிய?"

"போட்டா பிஞ்சிரும்லா."

"அப்ப செங்கல் பிய்யாதாக்கும்?"

பலவேசம் சாக்பீஸ் குறியைக் கையால் துடைத்து அழித்தார். பிறகு மெதுவாக இறங்கி, சுடலைமுத்துவுக்குப் போன் போட்டார்.

வந்தவன் 'அப்பவே சொன்னேன்லா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பலவேசத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கொத்தனாரை வைத்துத் தூண்களின் தலையைப் பிரித்துக் கட்டி, காங்கிரீட் போட்டு, அதன் நடுவில் பட்டைகளை நட்டார்கள். ஏழு நாள் அதை ஈரச்சாக்கால் மூடி வைத்தார்கள். காலையும் மாலையும் பலவேசமே தண்ணீர் ஊற்றினார். மத்தியானம் கடையிலிருந்து தங்கபுஷ்பத்துக்குப் போன் செய்து, "ஊத்திட்டியாட்டி?" என்று விசாரித்தார். எட்டாம் நாள் உத்திரத்தைப் பட்டைகளுக்கு நடுவே இறக்கி, குறுக்கே துளை போட்டு போல்ட் செருகினார்கள். நட்டு முடுக்கும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆடிக்காற்று இன்னும் மோசமாக அடித்தது. வலை கிழிந்து பக்கத்து வீட்டு முருங்கையில் போய்த் தொங்கியது. உத்திரம் அசையவில்லை. பலவேசம் போல்ட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டார். பிளவுஸுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட இப்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. இரும்புப் பட்டை யோசனை அவருடையதாம். சில நாள் கடைக்கு வந்து கொக்கி தைக்கும் தங்கபுஷ்பம் தலையை நிமிர்த்துவதில்லை.

சாயங்காலம் வெங்காயக் கூடையோடு அவள் பந்தலடிக்கு வரும்போது மட்டும், "கொஞ்சம் பொறு" என்பார். ஏணியில் ஏறி இரண்டு பக்கத்து நட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் அவளை உட்காரச் சொல்வார்.