காலைச் செய்தியில் ஒரு வீட்டு அடுப்பு

எங்கள் பாடசாலை பத்திரிகை வாங்குவதை நிறுத்தியது நாட்டின் அந்தப் பொருளாதார நெருக்கடி வருடத்தில்தான். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. பெற்றோல் இல்லாமல் என் ஸ்கூட்டி வீட்டில் கிடந்தது. நுரைச்சோலையிலிருந்து மாம்புரிப் பக்கமுள்ள பாடசாலைக்கு நான் சைக்கிளில் போய்வந்தேன். அச்சடிக்கத் தாள் இல்லையென்று தவணைப் பரீட்சையே தள்ளிப்போயிருந்தது. பத்திரிகையின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனபோது, காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் செய்தி வாசிக்கும் வழக்கத்தை விட்டுவிடலாமென்று நான் பாடசாலை அதிபரிடம் சொன்னேன். தமிழ் ஆசிரியை என்பதால் அந்த வேலை என் பொறுப்பில் இருந்தது.

எங்கள் அதிபர், சிறுமியாக இருந்தபோது, போர்க்காலத்தில், மன்னாரிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர். எதையும் இலேசில் நிறுத்தமாட்டார்.

"பேப்பர் இல்லாட்டி செய்தியும் இல்லையா மிஸ்? புள்ளைகள் கண்ணால கண்டத சொல்லட்டும். ஊர்ச் செய்தி" என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. ஒருவன், அனல் மின் நிலையத்தின் புகைக்கூண்டில் நேற்று புகையே வரவில்லை என்று வாசித்தான். ஒருத்தி, தங்கள் வள்ளத்துக்குள் கோழி அடைகாக்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாள். இன்னொருவனின் வாப்பா கேஸ் வரிசையில் நின்று, சிலிண்டர் கிடைக்காமல், வேறு யாருடையதோ செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருந்தார். எனக்கு அந்தச் செய்திகளில் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. இன்றைக்கு என்ன வருமோ என்ற நினைப்பில் எதிர்காற்றிலும் சைக்கிளை வேகமாக மிதிப்பேன்.

ஒரு நாள் ஆறாம் ஆண்டுப் பிள்ளையொருத்தி ஒலிவாங்கியின் முன் வந்து நின்றாள். வானொலியில் செய்தி வாசிப்பவர்களின் குரலை நன்றாகப் பழகி வைத்திருப்பவள். அதே குரலில் சொன்னாள்:

"நேத்து எங்கட வீட்டுல அடுப்பு பத்தவைக்கல்ல. உம்மா எங்கள நேரத்தோட படுக்கச் சொன்னாங்க. செய்தி முடிந்தது."

முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் அந்த வீட்டைத் தெரியும். அவளுடைய வாப்பா கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர். கற்பிட்டியிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். அந்த வருடம் கல்யாணங்கள் தேத்தண்ணியோடும் கேக் துண்டோடும் முடிந்துகொண்டிருந்தன. ஊருக்கெல்லாம் ஆக்கிப்போட்ட வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை நாங்கள் யாரும் யோசித்துப் பார்த்திருக்கவில்லை.

"நல்லாத் தெளிவா வாசிச்சீங்க மகள்" என்றார் அதிபர். பிறகு, எதுவும் நடக்காததுபோல அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். கூட்டம் முடிந்ததும் சிற்றுண்டிச்சாலையில் இருந்த இனிப்புப் பணிஸ்களை வாங்கி, அந்த வகுப்பு முழுவதற்கும் பாதி பாதியாகக் கொடுக்கச் சொன்னார். அவளுக்கென்று தனியாக எதுவும் கொடுக்கவில்லை.

பாடசாலை விடுவதற்குள் செய்தி ஊருக்குள் போய்விட்டது. அவளுடைய உம்மா நேராக அதிபரின் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கதிரையைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

"என்ட வீட்டு அடுப்பு எரியுதா இல்லையா எண்டு மைக்குல சொல்றதா செய்தி? எங்கட மனிசன் எத்தின பேருக்கு ஆக்கிப் போட்டவரு! நாளைக்கி அவரு ஜும்ஆவுக்குப் போனா ஆக்கள் எப்பிடிப் பாப்பாங்க?"

"புள்ள பொய் சொல்லல்ல தங்கச்சி. கண்டத சொல்லச் சொன்னது நான். பிழை என்ட. என்ன மன்னிச்சிக்கோங்க" என்றார் அதிபர்.

அந்தப் பெண் பெரிய சண்டைக்கு ஆயத்தமாக வந்திருந்தார். எதிரே சண்டை இல்லாமல் போனதும் வாசல் பக்கம் திரும்பினார். பிறகு, "நான் இனி புள்ளைய அனுப்பமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலைச் செய்தி இத்தோடு சரி என்றுதான் நினைத்தேன். அதிபரிடம் கேட்டேன்.

"இப்ப நிப்பாட்டினா, அந்தப் புள்ள சொன்னது வெக்கமான விசயம் எண்டு ஆகிடும்" என்றார் அவர்.

மறுநாள் அந்தப் பிள்ளை வரவில்லை. கூட்டத்தில் அதிபரே ஒலிவாங்கியைப் பிடித்தார். "இண்டைக்கி என்ட வீட்டுச் செய்தி. நேத்து ராவு எங்கட வீட்டுல அவிச்ச மரவள்ளிக் கிழங்கும் சம்பலும். அதுலயும் என்ட மனிசனுக்கு ஒரு துண்டு குறைஞ்சிட்டு. கோவிச்சிக்கொண்டு படுத்திட்டாரு." பிள்ளைகள் சிரித்தார்கள். அதிபரும் சிரித்தார். அடுத்து, எப்போதும் முறைத்துக்கொண்டு நிற்கும் கணித ஆசிரியர் தானாக முன்னால் வந்தார். "எங்கட வீட்டுல மீனில்லாம மீனாணம் ஆக்கினாங்க. புளி கூடப் போட்டா நாக்கு நம்பிடும் எண்டு சொன்னாங்க. நம்பல்ல" என்றார். நான், கடையில் வாங்கிய ஒரு றாத்தல் பாணை, ஆளுக்குச் சமமான துண்டு வரவேண்டுமென்று எங்கள் வீட்டில் நூல் கட்டி அளந்து வெட்டிய கதையைச் சொன்னேன்.

பிள்ளைகள் அந்தச் செய்திகளை அப்படியே வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். மீனில்லாத அந்த மீன்குழம்பு ஒழுங்கை முழுவதும் பேச்சானது. கடையில், தண்ணீர்க் குழாயடியில், "உங்கட வீட்டுல இண்டைக்கி என்ன செய்தி?" என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டவர்களும் சொன்னவர்களும் சிரித்தார்கள்.

சில நாட்களில் அந்தப் பிள்ளை திரும்ப வந்தாள். அவளோடு உம்மாவும் வந்து, வேலிக்கு வெளியே, முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டு நின்றார். செய்தி முடியும்வரை நின்றுவிட்டுப் போனார். அடுத்த நாளும் அப்படித்தான். மகளைக் காவல் காக்கிறாரா, இல்லை கேட்க வருகிறாரா என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும்போல் இருந்தது. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு ஒரு காலையில் உள்ளே வந்து என்னிடம் கேட்டார்: "மிஸ், பெரிய ஆக்களும் செய்தி சொல்லலாமா?"

"ஓம், சொல்லுங்க."

ஒலிவாங்கியை வாயில் முட்டும் அளவுக்குப் பிடித்துக்கொண்டார். "எங்கட வீட்டுல கல்யாணத்துக்கு ஆக்கிற பெரிய கிடாரம் சும்மா கிடக்கி. விறகும் இரிக்கி. தேங்காய்க்கு இங்க பஞ்சமில்ல. புள்ளைகள் ஆளுக்கொரு புடி அரிசி கொண்டுவந்தா நானும் மனிசனும் கஞ்சி ஆக்கித் தாறம்."

அதிபர் உடனே சம்மதித்தார். எனக்கு மட்டும் ஒரு கவலை. ஒரு பிடி அரிசிகூட இல்லாத பிள்ளைகள் வாசலில் என்ன செய்வார்கள்? அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது என்ட பாடு மிஸ். நீங்க யோசிக்க வாணாம்" என்றார்.

மறுநாள் வாசலில் ஒரு பெரிய பானை இருந்தது. அதன் வாயைத் தடித்த போர்வையால் இறுக்கிக் கட்டி, நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்குக் கிழித்து வைத்திருந்தார். பக்கத்தில் நின்று, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஒன்றையே சொன்னார்: "கையப் பொத்தி உள்ள விடுங்க. விரிச்சி வெளிய எடுங்க."

எல்லாக் கைகளும் பொத்தியபடி உள்ளே போயின. எல்லாம் வெறுமையாக வெளியே வந்தன. எந்தக் கையில் அரிசி இருந்தது, எதில் இல்லை என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியவில்லை. எனக்கோ அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அரிசி விழுகிற சத்தமாவது கேட்குமென்று கிட்டப் போய் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பானையை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன், அடியில் பழைய துவாய் ஒன்றை மடித்துப் போட்டிருந்தார்.

"சத்தம் வந்தா வெறுங்கை தெரிஞ்சிடும்தானே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கி நீங்களும் போடுங்க மிஸ். போட்டுட்டு அங்கால போங்க" என்றார்.

அவருடைய கணவர் முதல் நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அகப்பையோடு நெருப்பின் பக்கமே திரும்பி நின்றார். கஞ்சி பரிமாறி, பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டுக் கோப்பையை நீட்டியபோதுதான் தலையை நிமிர்த்தினார்.

"உப்பு காணுமா? இன்னும் போடணுமா?"

"காணும் சாச்சா!" என்று முற்றமே கத்தியது. அந்த மனிதர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார்.

கஞ்சி சில நாள் கெட்டியாக இருந்தது, சில நாள் தண்ணீராக இருந்தது. தண்ணீரான நாட்களில் அந்தப் பெண் முருங்கை இலையைக் கூடப் போட்டார். எத்தனை வெறுங்கைகள் அந்தப் போர்வைக்குள் போய்வந்தன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மெல்ல மெல்ல எண்ணெய் வந்தது. வள்ளங்கள் கடலுக்குப் போயின. ஒரு நாள் அந்தப் பெண் தயங்கித் தயங்கி அதிபரின் அறைக்கு வந்தார். இந்தமுறை கதிரையில் உட்கார்ந்தார்.

"நாளையில இருந்து எங்களுக்கு ஏலாது மிஸ். வண்ணாத்திவில்லுல ஒரு கல்யாணம் வந்திரிக்கி. அதுக்குப் பொறகும் ரெண்டு மூணு சொல்லியிரிக்காங்க" என்றார், ஏதோ தவறு செய்துவிட்டவர்போல.

"மாஷா அல்லாஹ்! இதுக்கா இப்பிடிப் பயந்தீங்க?" என்று அதிபர் எழுந்துபோய் அவரை அணைத்துக்கொண்டார். கிடாரத்தை முச்சக்கரவண்டியில் ஏற்றும்போது நாங்களும் ஒரு கை பிடித்தோம்.

கஞ்சியை நாங்கள் நிறுத்தவில்லை. கிழமையில் ஒரு நாள் வேறு உம்மாமார் சின்னச் சின்னச் சட்டிகளில் ஆக்கினார்கள். முதல் முறை நன்றாக அடிப்பிடித்துவிட்டது. யாரும் வாய் திறந்து குறை சொல்லவில்லை. ஒரு சின்னப் பிள்ளை மட்டும் கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்துவிட்டு, என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்:

"மிஸ், அந்தக் கல்யாணம் எப்ப முடியும்?"