வேட்டிக்குள் ஒளிந்திருந்த தள்ளாட்டம்

“...தச்சவன் மேலதான் தப்பு மாமா! காலு உள்ள போவறதுக்கே வழி வெக்கல அந்த ஆளு!”

இதைச் சொன்னபோது என் மச்சான் தனவேல் எங்கள் வீட்டுத் தரையில் கிடந்தான். ஒரு கால் பேண்ட்டுக்குள். இன்னொரு கால் பீரோவுக்கடியில்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் பழி போட்ட டெய்லர் எந்த ஊரில் இருக்கிறாரோ... அது ரெடிமேட் பேண்ட்!

தனவேல் என் மனைவியின் தம்பி. கீரப்பாளையத்தில் விவசாயம். வயது ஐம்பத்து நாலு. பள்ளிக்கூட டவுசருக்குப் பிறகு வேட்டி, லுங்கி தவிர வேறு எதுவும் அவன் இடுப்பில் ஏறியதில்லை. அன்று சிதம்பரத்தில் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. “ஒரே ஒரு நாள் பேண்ட் போடுப்பா” என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். மாற்றிக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவன்தான் இப்படிச் சாய்ந்தான்.

இடது முட்டி ஒரு வருஷமாகவே வலிக்கிறதாம். மாத்திரை போட்டுச் சமாளித்திருக்கிறான். ஆனால் பேலன்ஸ் போனது அவனுக்கே தெரியவில்லை. எப்படித் தெரியும்? வேட்டி கட்ட ரெண்டு காலும் தரையில் இருந்தால் போதும். பேண்ட் போடத்தான் கொக்கு மாதிரி நிற்க வேண்டும். வேட்டி மானத்தை மட்டுமா மறைக்கிறது?

மறுநாளே கடலூருக்கு இழுத்துப் போனோம். எலும்பு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, முட்டி ஜவ்வு தேய்ந்திருக்கிறது என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு சின்னப் பெண். சிரித்த முகம், கறாரான வாய்.

“சார், இடது கால்ல மட்டும் நில்லுங்க.”

“ஒத்தக்கால்ல நிக்கிறதுல என் தம்பிய மிஞ்ச ஆளே கிடையாதும்மா” என்றாள் என் மனைவி. “பொறந்ததுலேருந்தே அப்படித்தான்.”

அந்தப் பெண் மூன்று எண்ணுவதற்குள் தனவேல் சுவரைப் பிடித்துவிட்டான். பிடிவாதத்துக்கு முட்டி தேவையில்லை போலிருக்கிறது.

“முட்டி எவ்ளோ மடங்கியிருக்கு, எவ்ளோ வெயிட் தாங்குதுன்னு மூளைக்கு சேதி போயிக்கிட்டே இருக்கணும் சார். ஜவ்வு தேஞ்சி மூட்டு வீங்கிட்டா, அந்த சேதி சரியா போவாது. வலிக்குப் பயந்து தொடைச் சதையும் வேலைய கொறைச்சிக்கும். அதான் தடுமாற்றம்.”

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி வைத்தார்கள். ஏன் சறுக்கும் என்று யாராவது சொன்னார்களா? இந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

“அது இருக்கட்டும் பாப்பா. பத்து நாள்ல அம்மனுக்கு ஆடித் திருவிழா. நான் சாமி தூக்கணும்.”

“இந்த வருஷம் வேணாம் சார். வலிக்கு மாத்திரை இருக்கு, தள்ளாட்டத்துக்கு இல்ல. நீங்க விழுந்தா நீங்க மட்டுமா விழுவீங்க? பயிற்சி பண்ணுங்க, அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“எங்க ஊரு நடராசரு ஒத்தக்கால்லதான் நிக்கிறாரு. அவருக்கு ஸ்கேன் எடுத்தீங்களா?”

“அவரு காலுக்கடியில ஒருத்தன போட்டு மிதிச்சிக்கிட்டு நிக்கிறாரு சார். நீங்க யார போடப் போறீங்க?”

தனவேல் என்னைப் பார்த்தான். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன்.

சிரிப்பு இருக்கட்டும். விஷயம் அவனுக்குச் சின்னதில்லை. அம்மனைச் சுமக்கும் பதினாறு பேரில் முன்கம்பு, இடது பக்கம் — இருபது வருஷத்துக்கும் மேலாக அது அவன் இடம். ஊரில் அவனை அடையாளம் சொல்வதே அப்படித்தான். முன்கம்பில் உயரம் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் சாமி சாயும். அவன் உயரத்துக்கு ஊரில் இன்னொரு ஆள்தான் உண்டு... பங்காளி சேகர். வரப்பை அரை அடி வெட்டிவிட்டான் என்று நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

“சேகர நிக்க வையேன்டா” என்றாள் என் மனைவி, திரும்பும்போது பஸ்ஸில்.

“அவனா? என் முட்டி ரெண்டா ஒடைஞ்சாலும் அவன் தோளு அந்தக் கம்புல படாது.”

திருவிழா அன்று சாயங்காலம் போனோம். மேளம் காதைப் பிளந்தது. தனவேல் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நேராக முன்கம்புக்குப் போனான். என் மனைவி என் கையை நசுக்கினாள்.

சாமி எழுந்தது. ஓரடி... ரெண்டடி... மூன்றாவதில் இடது முட்டி மடங்கியது. கம்பு தாழ, அம்மன் கழுத்து மாலை ஒரு பக்கமாகச் சரிந்தது. கூட்டம் “ஐயோ” என்றது.

“எறக்குங்கடா!” என்று தனவேலே கத்தினான்.

இறக்கினார்கள். மேளம் நின்றது. ஒரு நிமிஷம் அவன் அந்தக் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். விழ இருந்தது தான் மட்டுமில்லை என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பிறகு கூட்டத்துக்குள் தேடினான்.

“டேய் சேகரு! என்னாடா வேடிக்க? வந்து தோள் குடு!”

நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. அதிலும் அதட்டல்! சேகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். சட்டையைக் கழற்றி யாரிடமோ வீசிவிட்டு, கம்புக்குக் கீழே போய்க் குனிந்தான். தனவேல் தன் துண்டை எடுத்து அவன் தோளில் வைத்தான்.

கௌரவம் என்பதும் ஒருவிதச் சுமைதான் போலிருக்கிறது. இறக்கி வைக்கிற நேரம் தெரிந்தவனுக்குப் பேலன்ஸ் பாதி வந்துவிடுகிறது.

சாமி கிளம்பியது. தனவேல் பக்கத்திலேயே நடந்தான். “நேரா நடடா... பள்ளம் பாரு... கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று நாலு வருஷமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் தெருத் தெருவாகத் திட்டித் தீர்த்துக்கொண்டே வந்தவன், திருப்பத்தில் கால் தடுமாறியபோது மட்டும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, சேகரின் கம்பில்லாத இன்னொரு தோளைப் பிடித்துக்கொண்டான்.