பன்னிரண்டு வோல்ட் கேட்டேன்

1. ஆயுத பூஜைக்கு மறுநாள் என் பழைய பவர் சப்ளையை ஆன் செய்தேன். பன்னிரண்டு வோல்ட் வைத்தேன். மீட்டர் முள் பன்னிரண்டில் நின்றது.

2. அத்தையின் கோழிக்குஞ்சுகளுக்காக நான் செய்துகொண்டிருந்த சூட்டுப்பெட்டியின் சர்க்யூட் போர்டை அதில் இணைத்தேன். மேசையில் இடம் போதவில்லை. பவர் சப்ளையைக் கொஞ்சம் நகர்த்தினேன். முள் ஒரே தாவாகத் தாவி இருபதைத் தாண்டியது.

3. போர்டு புகைந்தது.

4. அந்த நேரம் பார்த்து டீயோடு உள்ளே வந்த அத்தை — என் மாமியார் — புகையைப் பார்த்தார். டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

5. அதன் பிறகு அவர் அந்த அறைக்குள் வரவே இல்லை.

முதல் மூன்றும் என் தொழில். எப்படியும் சரிசெய்துவிடலாம். என்னை வதைத்தது ஐந்தாவதுதான்.

ஏனென்றால் அத்தைக்குக் கரண்ட் என்றாலே பயம். மிக்ஸி சுவிட்சைக்கூட முந்தானையைச் சுற்றிக்கொண்டுதான் போடுவார். கல்யாணமாகி நான் செஞ்சிக்கு வந்ததிலிருந்து என் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆயுத பூஜை அன்றுதான் முதன்முறையாக உள்ளே வந்தார். “நீ வடைக்கு ஆட்டு. இத நான் பாத்துக்கறேன்” என்று என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, அறையைத் துடைத்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். மறுநாளே டீயோடு வந்தார். வந்த இடத்தில்... புகை!

பவர் சப்ளை என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: வீட்டுக் கரண்ட்டை வாங்கிக்கொண்டு, நாம் கேட்கிற வோல்ட்டை மட்டும் கொடுக்கிற பெட்டி. என்னுடையது இரும்பில் செய்தது. என்னைவிட வயதில் மூத்தது. நான் படித்த கல்லூரி லேபில் பழசென்று கழித்துவிட்டபோது விடாமல் கேட்டு வாங்கிவந்தேன். வீட்டிலிருந்தே போர்டு டிசைன் செய்யும் எனக்கு அதுதான் அடுப்பு. பீரோ, கட்டிலோடு அதுவும் வண்டியிலிருந்து இறங்கியபோது, “இன்னா, இன்வெர்ட்டர்லாம் சீரா வருது?” என்று தெருவில் கேட்டார்கள்.

சரி, கோளாறுக்கு வருவோம்.

கேட்டதற்கு மேல் வோல்ட் வந்தால் முதல் சந்தேகம் உள்ளே இருக்கும் பெரிய டிரான்சிஸ்டர் மீதுதான். கழற்றிச் சோதித்தேன். நல்ல ஆரோக்கியம். அடுத்து, வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழ். அதுவும் சுத்தம். கெப்பாசிட்டர்களைச் சந்தேகத்தின் பேரில் கைதுசெய்து, மாற்றியே விட்டேன். மறுபடி ஆன் செய்தால் பன்னிரண்டு. அப்பாடா என்று மேசையில் கை வைத்தால் இருபது. இப்படி விட்டுவிட்டு வருகிற கோளாறுதான் மனிதர்களைப் பைத்தியமாக்கும். முழுசாகக் கெட்டுத்தொலைந்தால் நிம்மதி!

வேலை செய்யும்போது நான் பேசுவதில்லை. முகமும் கொஞ்சம் கடுகடுவென்று இருக்குமாம் — கணவர் பிரபு சொல்வது. டீ மட்டும் தவறாமல் வாசற்படிக்கு வந்தது.

“உள்ள வாங்க, அத்தை.”

“வேணாம்மா. எனக்கும் கரண்ட்டுக்கும் ஆவாது.”

டம்ளரை வைக்கிற சத்தம். அப்புறம் போகிற கொலுசுச் சத்தம். ராத்திரி சாப்பிடும்போது பிரபு கேட்டார்: “உங்க ரெண்டு பேருக்கும் எதனா சண்டையா?” அத்தை ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தார். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தேன். என்னவென்று சொல்ல?

கடைசியில் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்ப்போம் என்று திருப்பிவைத்தேன். அது எப்போதும் சுவரைப் பார்த்தபடி இருக்கும். பின்னால் வரிசையாகச் சில திருகுகள். அவற்றில் இரண்டு ஜோடிகளை இணைக்கிற இரண்டு சின்னப் பித்தளைத் தகடுகள். பெட்டி முழுக்கக் கறுத்துப் போயிருக்க, அந்தத் தகடுகள் மட்டும் புதுத் தாலிபோல மின்னின! ஒன்றை விரலால் தொட்டேன். ஆடியது. திருகின் இடுக்கில் பழுப்பாக ஒரு நார். முகர்ந்து பார்த்தேன்.

புளி.

சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் கூப்பிட்டேன். “அத்தை, ஒரு நிமிஷம் வர்றீங்களா?”

வாசற்படி வரை வந்தார். நான் கையைக் காட்டிய இடத்தைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

“நான்தாம்மா கெடுத்துட்டேன். எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும்.”

“அத்தை...”

“குத்துவெளக்குத் தேய்க்கறப்போ இதையும் கழட்டித் தேய்ச்சேன். பிளக்கு புடுங்கித்தான் கெடந்துது. கருப்பா இருந்துது. மம்புட்டி, அருவாமண, பிரபு வண்டி எல்லாம் பளபளன்னு இருக்குது. உனக்குச் சோறு போடற பொட்டி மட்டும் அழுக்கா இருந்தா சாமிக்கு நல்லா இருக்குமா? திருப்பி மாட்டிட்டேன். கையாலதான் முடுக்கனேன்... பொகையப் பாத்ததும் ஒடம்பே ஆடிப்போச்சு. நீயும் ஒரு வார்த்த பேசல. அவ்ளோ கோவம்னு நெனச்சேன்.”

தகடுகளைக் காட்டி விளக்கினேன். வெளியே எவ்வளவு வோல்ட் போகிறது என்று இந்தப் பெட்டி தெரிந்துகொள்வது இவை வழியாகத்தான். இவை தளர்ந்துவிட்டால் பெட்டிக்குச் சேதி வராது. போதவில்லை போலிருக்கிறது என்று அதுவாக நினைத்துக்கொண்டு மேலும் மேலும் அனுப்பும்.

“அப்போ பொட்டி கெடலியா?”

“கெடல. திருகு லூசு. அவ்ளோதான்.”

“அதுக்கா அதும் வயித்த அப்படிக் கிழிச்சுப் போட்டிருக்க? முதுவுல முள்ளு குத்தனதுக்கு வயித்த ஆப்ரேசன் பண்ற டாக்டர் ஒருத்தி எங்க ஊட்லியே இருக்கா பாரு!”

நான் சிரித்தேன். அத்தை சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

தகடுகளில் இருந்த புளியை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்தேன். ஸ்க்ரூடிரைவரை அத்தையிடம் நீட்டினேன். “நீங்களே முடுக்குங்க.” அவர் பிளக் பிடுங்கிக் கிடப்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டார். அப்புறம் படியைத் தாண்டி உள்ளே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார். பிளக்கைச் செருகி ஆன் செய்தேன். பன்னிரண்டு. மேசையைத் தட்டினேன். பன்னிரண்டு. அத்தையும் ஒரு தட்டு தட்டினார் — என்னைவிடப் பலமாக. பன்னிரண்டேதான்.

“அடுத்த வருசம் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கலாமா?”

“அதுவும் கூடாது, அத்தை.”

“விபூதி?”

“வெளியில மட்டும்.”

யோசித்துப் பார்த்தால், சேதி வராவிட்டால் பெட்டி மட்டுமா அளவு மீறுகிறது? நான் வாயைத் திறக்காத அந்த நாட்களில், என் கோபத்தை அத்தை தன் மனசுக்குள் எத்தனை வோல்ட் வரை ஏற்றிவைத்திருந்தாரோ! ‘என்ன ஆச்சு, அத்தை?’ என்று படியைத் தாண்டிப் போய் நான் ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

இப்போதைய நிலவரம்: பவர் சப்ளை நன்றாக இருக்கிறது. எரிந்த போர்டுக்கு உதிரி பாகங்கள் இன்னும் வரவில்லை. என் அறையில் இப்போது இரண்டு நாற்காலிகள்.