சைரன் அக்கா சொன்னால் சரி

பயப்படாதே என்று ஒருவரிடம் சொல்வது எப்போதும் உதவிதானா? சைரன் அக்காவின் வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது.

எரிவாயுக் கம்பெனியின் மதிலை ஒட்டிய தெருவில் பிறந்தவள். பல வருஷம் வீடு வீடாகப் பால் பாக்கெட் போட்டவள். எந்த வீட்டில் கைக்குழந்தை, யார் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர், எந்த வாசலில் கடிக்கிற நாய் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கம்பெனி அவளை மக்கள் தொடர்பு வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். தெருவுக்குக் கம்பெனி ஒன்றும் செய்யாமல் இல்லை. தண்ணீர்க் குழாய் போட்டது, விளக்குக் கம்பம் நட்டது. ஆனால் ஜனங்கள் தாமாகக் கேட்டது ஒன்றுதான். மாதாமாதம் சோதனைக்கு ஊதும் சைரன் குழந்தைகளைத் தூக்கிவாரிப் போடுகிறது. முன்கூட்டிச் சொன்னால் தேவலை.

அதிலிருந்து சோதனை நாள் காலையில் கதவு கதவாகத் தட்டினாள்; சைரன் அக்கா என்ற பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

"மதியம் ஊதும். சும்மா டெஸ்ட்டுதான், பயப்படாதீங்க."

"உனக்குப் பதிலா சைரனையே வீடு வீடா அனுப்பலாம்க்கா. அதுன்னா சுருக்கமா முடிச்சுக்கும்" என்று தங்கை வாரிவிடுவாள்.

சைரன் ஊதினால் அடுப்பை அணைத்துவிட்டு மைதானத்துக்கு ஓட வேண்டும் என்பது விதி. நாளடைவில் அந்தச் சத்தத்துக்கு யாரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கம்பெனி அதை வெற்றி என்றது. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஒரு சோதனை நாளில் சைரன் மதியத்துக்கு வெகு முன்பே ஊதியது. கம்பெனி கடிகாரத்துக்குப் பசி வந்துவிட்டது என்று தெரு சிரித்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. கம்பெனி வாசலில் நின்றிருந்தவளுக்கு எரிவாயு வாடை குப்பென்று அடித்தது. தொட்டியில் கசிவு. விழுந்தடித்துக்கொண்டு தெருவுக்குள் ஓடினாள். தங்கை அடுப்பருகே லைட்டரும் கையுமாக நின்றிருந்தாள்.

"கீழ போடுடி அத! நிஜமாவே லீக்கு!"

"நீதானே காலைல டெஸ்ட்டுன்னு சொல்லிட்டுப் போன?"

லைட்டரைப் பிடுங்கி எறிந்தாள். தெரு தப்பித்தது, அவளுடைய சாமர்த்தியத்தால் அல்ல, காற்று மறுபக்கம் திரும்பியதால்.

அடுத்து நடந்த கூட்டத்தில் கம்பெனி அதிகாரி மருத்துவமனை கட்டித் தருவதாகச் சொன்னார். தெருவின் தையல்காரர் எழுந்தார்.

"அது இருக்கட்டும் சார். இனிமே ஊதினா ஓடணுமா, இல்ல அக்கா வந்து சொல்ற வரைக்கும் உக்காந்திருக்கணுமா?"

"சோதனைன்னா மேடம் வழக்கம்போல முன்னாடியே சொல்லிடுவாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. "டெஸ்ட்டுக்கு ஓடினா கேலி பண்ணுவாங்க. ஓடாம இருந்தா ஒருநாள் மொத்தமா போய்ச் சேருவோம்" என்றாள், அக்காவின் முகத்தைப் பார்க்காமலே.

அடுத்த சோதனை நாளில் சைரன் அக்கா எந்தக் கதவையும் தட்டவில்லை. எப்போது ஊதும் என்று அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சைரன் ஊதியதும் தன் வீட்டு அடுப்பை அணைத்து, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மைதானத்தைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடினாள்.

"என்னக்கா, இன்னிக்கு டெஸ்ட்டு நாளுன்னு உங்களுக்கே தெரியாதா?" என்று தையல்காரர் கத்தினார்.

"தெரியும்" என்றாள், நிற்காமல்.

அதற்கடுத்த மாதமும் ஓடினாள். எதற்கு என்று கம்பெனி எழுதிக் கேட்டது. தங்கை நேரிலேயே கேட்டாள்.

"மூச்சு வாங்குது, அப்புறம் பேசலாம்" என்றாள். அதைப் பற்றி அப்புறமும் பேசவில்லை.